வேலிக் கயிற்றின் மறுமுனை

கொட்டாஞ்சேனை வீட்டில் ஏழு வருடம் எனக்குச் சோறு போட்டு, ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டாத என் அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. கடிதம் எழுதப் பிந்திவிட்டது. நீங்கள் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒன்று எழுதுவீர்கள். நான் மாதத்துக்கு ஒன்று எழுதுவேன், அதுவும் பாதித் தாளில். இப்போது முழுத்தாளில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், யுத்தத்தால் கடதாசி கிடைக்காத நேரமாகப் பார்த்து. என் காரியங்கள் எல்லாம் இப்படித்தான் நேரமறிந்து நடக்கும்.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வருகிறது. மற்றவர்களும் வாசிப்பார்கள். "மூக்குக்கண்ணாடி" என்ற பெயரில் இதே பக்கத்தில் உங்களைப் பற்றி நான் வாராவாரம் எழுதிய பத்திகளை வாசித்துச் சிரித்தவர்கள்தான் அவர்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் உங்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்துக்கொள்வது உங்களுக்குப் பழகிய வேலைதானே.

முதலில் கொழும்புப் புதினம்.

கொழும்பில் குண்டு விழுந்தது. நீங்கள் இருபத்திரண்டு வருடம் பேரேட்டைப் புரட்டிய துறைமுகப் பக்கம்தான் சத்தம் கூடுதல். வெள்ளவத்தைக்குக் கேட்டது சத்தம் மட்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது. யாழ்ப்பாணத்து ஊரை "அந்தப் பட்டிக்காடு" என்று சொல்லிக்கொண்டு காலி றோட்டில் உலாவிய கனவான்கள் எல்லாம், அந்தப் பட்டிக்காட்டுக்குப் போகிற ரயிலில் ஒற்றைக் காலில் நிற்க இடம் கிடைக்குமா என்று கேட்டுக் கோட்டை ஸ்டேசனில் கெஞ்சினார்கள். ஒருவர் தையல் மெசினைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி பூனையை வைத்திருந்தா. வெள்ளவத்தையில் இப்போது வாடகைக்கு வீடு கேட்டால் மூன்று வீடு காட்டுவார்கள்.

மனைவி கமலத்தையும் பிள்ளைகளையும் நானும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அரசாங்கக் கந்தோர்க்காரன் இடத்தை விட்டுப் போகக்கூடாது என்று கட்டளை. வெள்ளவத்தையில் தனியே இருக்கவும் பயம். கந்தோருக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில், யாரும் குண்டு போட நினைக்காத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பாதுக்கையில் இருக்கும் உங்கள் இரண்டு ஏக்கர்.

என்னுடைய பத்தியின்படி, கொழும்பை விட்டுப் பாதுக்கைக்குப் போகிறவன் வைத்தியரைப் பார்க்க வேண்டியவன். ஒரு டிரங்குப் பெட்டியோடும் கறுப்புக் குடையோடும் களனிவெளிச் சின்ன ரயிலில் நான் போய் இறங்கினேன்.

உங்களைக் கல்யாணம் கட்டிய என் அக்கா வாசற் படலையில் நின்றார். நான் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல அவர் இடம் தரவில்லை.

"வந்திட்டியோ? மரவள்ளி அவிச்சிருக்கு. காலைக் கழுவிப்போட்டு வா."

மரவள்ளியைப் பற்றி நான் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? "கிழங்கு மண்ணுக்குள் ஒளிந்திருப்பது வெட்கத்தால்தான்" என்று முடித்திருந்தேன். அந்த வசனத்தைக் கட்டைச் சம்பலோடு சேர்த்து விழுங்கினேன். மூன்று துண்டு சாப்பிட்டேன், அத்தான். நாலாவதை அக்கா கேட்காமலே வைத்தார்.

நீங்கள் கந்தோர் வேலையை விட்ட நாளை இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் இனசனம் எல்லாம் கூடியிருந்தது, செத்தவீட்டுக்கு வந்ததுபோல. ஒருவரும் வெற்றிலையைத் தொடவில்லை. பெரியப்பா கேட்டார், "என்ன குறை உனக்கு? கதிரை இருக்கு, மின்விசிறி இருக்கு, துரை நல்லவன்."

"குறை ஒண்டுமில்லைப் பெரியப்பு," என்றீர்கள். "இருபத்திரண்டு வருஷமா மற்ற ஆக்கள் விளைவிச்ச சாமான் எத்தினை மூட்டை ஏறினது, எத்தினை மூட்டை இறங்கினது எண்டு எழுதிப்போட்டன். நானும் ஒரு மூட்டை விளைவிச்சுப் பாக்கவேணும் போலை கிடக்கு."

அது பகிடிக்குரிய பேச்சல்ல என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அடுத்த வாரம் அதை வைத்துத்தான் முதல் பத்தியை எழுதினேன்.

நன்றாக ஓடியது. உங்களுக்கும் அதில் மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர்ச் சின்ன வெங்காயத்தைப் பாதுக்கை மழையில் நட்டு, அது கூழாகப் போனதைப் பற்றி நீங்களே எழுதி அனுப்பினீர்கள்: "தம்பி, வெங்காயத்துக்காக நான் அழுதேன், வழக்கமாக வெங்காயத்தால்தான் அழுவது." அந்த வசனத்தை அப்படியே எடுத்து என்னுடையதாகப் போட்டேன். அட்டை கடித்த கதை, கோழி ரயிலேறிய கதை, எல்லாம் நீங்கள் தந்தவை. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை நேரத்தில் நடக்கும்போது, முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, "உங்கடை அத்தான் இந்தக் கிழமை என்ன நட்டவர்?" என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த ஒருவனுக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் இல்லை. உங்கள் செலவில் நான் பிரபலமானேன்.

இதுவரைக்கும் சொன்னது சின்ன வெட்கம். இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் எழுத உட்கார்ந்தது வேலியைப் பற்றி.

எங்கள் ஊரில் ஒருவன் காணி வாங்கினால் முதல் வேலி, அடுத்தது வழக்கு, அதற்குப் பிறகுதான் கிணறு. தென்னோலை பின்னிய கிடுகு வேலி ஆளுயரத்துக்கு மேலே நிற்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் பாதுக்கைக் காணியை வாங்கிய பின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வேலிக்குக் கயிறு பிடிக்க என்னைக் கூட்டிப் போனீர்கள். அக்கா அப்போது கொட்டாஞ்சேனையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே நீங்களும் நானும் மட்டும். எனக்குக் கையில் குடை வேறு.

அந்தக் காணியை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஓடை. ஓடைக்கு அப்பால் சிங்களக் கிராமம். மற்றப் பக்கம் ஸ்டேசனுக்குப் போகிற றோட்டு. கிராமத்துச் சனம் ஓடைக்கு மேலே போட்ட மரக்குற்றியால் நடந்து வந்து, உங்கள் காணியின் ஒரு மூலையைக் குறுக்கே கடந்து றோட்டில் ஏறுவார்கள். ஒற்றையடிப் பாதை. எத்தனை காலமாக நடந்தார்களோ, அந்த இடத்தில் புல் முளைப்பதை மறந்துவிட்டது.

நீங்கள் கயிற்றை அந்தப் பாதைக்கு இந்தப் பக்கம் நின்ற கித்துள் மரத்தில் கட்டினீர்கள்.

"அந்த மூலை வெளியிலை கிடக்கட்டும் தம்பி. சனம் நடக்கிற பாதை."

"காணி உறுதியிலை மூலைக்கல்லு வரைக்கும் எண்டுதானே கிடக்கு?"

"கிடக்கு. ஆனால் நடக்கினமெல்லே."

"அத்தான், இண்டைக்கு நடப்பினம். நாளைக்கு வண்டில் விடுவினம். நாளையிண்டைக்குப் பிறக்கிராசியோடை கோட்டுக்குப் போய், பாதை தங்கடை எண்டுவினம். ஊரிலை நீங்கள் காணாததே?"

நீங்கள் மரத்தைப் பார்த்தீர்கள், பிறகு மூலைக்கல்லைப் பார்த்தீர்கள். "நீ படிச்சனி," என்றீர்கள்.

அந்த வார்த்தை எனக்கு நன்றாக இருந்தது. கித்துள் மரத்திலிருந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்துக்கொண்டு போய் மூலைக்கல்லில் கட்டியவன் நான். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இழுத்தேன். பாதை உள்ளே வந்துவிட்டது. எங்கள் வம்சத்தில் ஒரே இழுப்பில் இவ்வளவு நிலம் பிடித்தவர் வேறு ஒருவருமில்லை.

கதியால் கம்பு நட்டு, கிடுகு கட்டி, வேலி முடிந்தது. கிராமத்தார் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி ஒரு மைல் நடந்து ஸ்டேசனுக்குப் போகத் தொடங்கினார்கள். உங்களைக் கண்டால் சிரித்தார்கள். காணிக்குள் இருந்த ஒரு துண்டு வயலில் இறங்க ஆள் கேட்டால், "இன்றைக்கு வசதியில்லை மாத்தயா," என்று இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். மாத்தயா என்றால் ஐயா. விதைக்கிற காலம் போயிற்று. அந்த ஒரு துண்டு வயல் அந்த வருடம் முழுவதும் புல்லாகக் கிடந்தது. நீங்கள் வரம்பில் நின்று வயலோடு கதைத்துக்கொண்டிருப்பதாக நான் பத்தி எழுதினேன். அதுவும் ஓடியது.

பிறகு ஒரு நாள் உங்களிடமிருந்து எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது.

ஓடைக்கு அப்பால் வயல் செய்யும் பொடிசிங்கோவின் மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கதிரையில் இருத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு, மரக்குற்றியைத் தாண்டி வந்து, உங்கள் வேலிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, திரும்பி, ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றிப் போனார்கள். நீங்கள் கோழிக்கூட்டடியில் நின்று பார்த்திருக்கிறீர்கள். வேலியை வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு நீங்கள் ஓடிவருவதற்குள் அவர்கள் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள். ரயிலும் போய்விட்டது. பிள்ளை ஸ்டேசன் வாங்கில் பலகையில் பிறந்தது.

தாயும் பிள்ளையும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியில், அன்றைக்குப் பின்னேரமே வேலியைப் பாதை அகலத்துக்கு வெட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வேலியில் ஆள் நுழைந்து போக விடுகிற அந்த வழியை நாங்கள் பொட்டு என்போம். அந்தப் பொட்டால் சனம் நடந்தது. ஒரு கிழமை கழித்துப் பொடிசிங்கோ வந்து, உள்ளே வராமல் பொட்டடியில் நின்று, "நாளைக்கு எங்கள் வயலில் அத்தம். மாத்தயா விரும்பினால் வரலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தம் என்றால், இன்றைக்கு எல்லோரும் என் வயலில், நாளைக்கு எல்லோரும் உன் வயலில். கூலி இல்லை. அந்த ஒரு வருடமும் உங்களைக் கூப்பிடாமல் விட்டது இதற்குத்தான். நீங்கள் போனீர்கள். அடுத்த வாரம் பதினொரு பேர் உங்கள் வயலில் இறங்கினார்கள்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தீர்கள். மனப்பாடமாக இருக்கிறது:

"தம்பி, உன்னுடைய பகிடிகளை நான் ரசிக்கிறனான். இந்தக் கடிதத்தை மட்டும் பகிடி பண்ணாமல் போடு. கொழும்பில் நாலு பேர் இந்தப் பக்கம் காணி வாங்க யோசிக்கிறார்கள். வந்து முதல் வேலையாக வேலி போடாதேயுங்கோ என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பார்கள்."

கயிற்றை இழுத்தது யார் என்று அந்த எட்டுப் பக்கத்தில் எந்த இடத்திலும் இல்லை. "நான் விட்ட பிழை" என்றுதான் இருந்தது.

அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன் வேலியைத் தன் கையால் வெட்டினான் என்பது, எழுதுகிறவனுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கிற விஷயம். "தன் வேலியைத் தானே மேய்ந்தவர்" என்று தலைப்புப் போட்டேன். கத்தியோடு வேலியைத் துரத்துகிற ஒரு மனிதரை எழுதினேன். பேராசையில் பாதையையும் வளைத்துக் கட்டி, பிறகு தனிமை தாங்காமல், பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்க ஓட்டை போட்டவர் என்று எழுதினேன். பேராசை என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டேன்.

ஸ்டேசன் வாங்கிலில் பிறந்த பிள்ளையை விட்டுவிட்டேன்.

மறந்து விட்டதல்ல, அத்தான். எழுதிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை உள்ளே வந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கோடு போட்டு வெட்டினேன். உங்கள் கத்தி வெட்டியது வேலியை. என் பேனை வெட்டியதை இன்றுதான் சொல்கிறேன்.

அந்த வாரம் பத்திரிகை கூடுதலாக விற்றதாக ஆசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். காணி வாங்க யோசித்த நாலு பேரில் ஒருவரைப் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் கண்டேன். "நல்ல காலம் நீங்கள் எழுதினியள். நானும் அந்தப் பைத்தியத்துக்குப் போகப் பாத்தனான்," என்றார். நான் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதங்கள் நாலு வரிக்குச் சுருங்கின. எல்லோரும் சுகம். கோழி முட்டையிடுகிறது. மழை. கமலத்துக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. நீங்கள் கோபித்துக்கொண்டீர்களா, அல்லது வயலில் வேலை கூடிப்போய் எழுத நேரமில்லையா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று அப்போது முடிவு செய்தேன். இப்போதும் எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாளில் போனீர்கள். என் பத்திதான் உங்களைக் கொன்றது என்று எழுதினால் அது நானே எனக்குப் போடுகிற மாலை. என் பத்திக்கு அவ்வளவு பலமில்லை. செத்தவீட்டன்று காலை தொடக்கம் பின்னேரம்வரை அந்தப் பொட்டால் சனம் வந்துகொண்டே இருந்தது. வெள்ளைத் துணியும் தென்னோலையும் கொண்டுவந்து, ஒருவரும் கேட்காமல் றோட்டுவரைக்கும் கட்டினார்கள். நான் கதிரையில் இருந்து, திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி இந்த வருடத்துக் கதை.

நான் வந்து மூன்றாம் வாரம், றோட்டுப் பக்கம் அறுபது கிடுகு வந்து இறங்கியது. எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பொட்டை அடைக்கப்போறன்," என்றார் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே? கயிறு பிடி."

"ஏன் அக்கா இப்ப?"

"கொழும்பிலை இருந்து ஆரார் எல்லாம் இந்தப் பக்கம் வந்து திரியிறாங்கள். அது ஒண்டு." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அதைக் காணக் காண எனக்கு வெக்கமாக் கிடக்கு தம்பி. அவர் நல்ல மனிசன். ஆனால் ஆசை கூடிப்போச்சு. பாதையையும் உள்ளுக்கு இழுத்தவர். பிறகு தானே வெட்டி மானம் கெட்டவர். வெள்ளவத்தை முழுக்கச் சிரிச்சது. நீ உள்ளதைத்தானே எழுதினனி. உன்னிலை பிழை இல்லை."

உன்னிலை பிழை இல்லை. என்னை மூளையற்றவன் என்று ஓர் இலக்கிய விமர்சகர் எழுதியிருக்கிறார். அதை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இந்த மூன்று சொல்லைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைய முடியவில்லை. என் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது பாருங்கள். உங்களோடு ஒரே பாயில் படுத்த அக்காவும் உங்களை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறார்.

பொட்டு அடைபட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் எட்டுப் பக்கத்தை வாசித்த ஒரே ஆள் நான்தான். அத்தத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கூப்பன் அரிசியை நம்பி ஒரு மனுசி தனியே, புல் முளைத்த வயலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அக்காவைத் தடுக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் கந்தோருக்குப் போக நான் அந்தப் பொட்டால்தான் ஸ்டேசனுக்கு நடந்தேன். படலையால் போனால் கொஞ்சம் சுற்று.

வெள்ளிக்கிழமை காலை பொடிசிங்கோ அங்கே நின்றார், அடுக்கி வைத்த கிடுகுகளைப் பார்த்துக்கொண்டு. அவரோடு மூன்று நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. பெயர் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் கோடு போட்டு வெட்டிய பிள்ளை அதுதான். ஒரு கிடுகின் மேல் ஏறி நின்று என் குடையைப் பார்த்தது.

பொடிசிங்கோ சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அன்றைக்கும் மாத்தயா இந்தக் குடையோடுதான் வந்தீர்கள்."

"என்றைக்கு?"

"கயிறு பிடித்த அன்றைக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் நான் மாட்டைக் கழுவிக்கொண்டு நின்றேன். பெரிய மாத்தயா கித்துள் மரத்தில் கட்டினார். குடை மாத்தயா அவிழ்த்து அங்கே கொண்டுபோனீர்கள்."

ரயில் தூரத்தில் ஊதியது. எனக்கு ஓடத் தோன்றவில்லை.

"அதை நீங்கள் அத்தானிடம் கேட்கவில்லையா?"

"பொட்டு வெட்டின பிறகு கேட்டேன். அது யார் அந்தக் குடைக்காரர் என்று. என் மல்லி, என் தம்பி என்றார். கயிறு யார் பிடித்தால் என்ன, வேலி கட்டினது நான்தானே என்றார்." கிடுகில் ஏறிய பிள்ளையைத் தூக்கி இறக்கினார். "இப்போது எத்தனை மணிக்கு ரயில், மாத்தயா? சுற்றிப் போகிறதென்றால் நாங்கள் இனி வெள்ளனவே வெளிக்கிட வேண்டும். அதற்குத்தான் கேட்டேன்."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மரக்குற்றிப் பக்கம் நடந்தார். நான் அன்றைக்குக் கந்தோருக்குப் பிந்திப் போனேன்.

சனிக்கிழமை குசினியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பொட்டை அடைக்கக்கூடாது."

"ஏன், நீ ஸ்டேசனுக்குச் சுத்திப் போகவேண்டி வரும் எண்டோ?"

"இல்லை. பாதையை உள்ளுக்கு இழுத்தது அத்தானில்லை. நான்."

துருவல் சத்தம் நிற்கவில்லை. "என்ன நீ?"

சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், உறுதியைச் சொன்னேன், பிறக்கிராசியைச் சொன்னேன். எட்டுப் பக்கக் கடிதத்தைச் சொன்னேன். ஸ்டேசனில் பிறந்த பிள்ளை அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தபடியால், வேலி வெட்டுப்பட்டது அன்றைக்குத்தான், அதனால்தான் என்று தெரியாது. தனிமை தாங்காமல் வெட்டினார் என்று நான் எழுதியதைத்தான் அவரும் நம்பியிருந்தார். எங்கேயோ துருவல் நின்றுவிட்டிருந்தது.

"அவர் எங்கை கட்டினவர்?"

"கித்துள் மரத்திலை."

குசினி ஜன்னலால் பார்த்தால் அந்த மரம் தெரியும். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசன் கண் மூடும்வரைக்கும், பேராசைக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் சோறு போட்டனான்," என்றார். "சிரிச்சுக்கொண்டு சாப்பிட்டவர்."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"நீ கொஞ்சம் பேசாமல் இரு தம்பி. நீ பேசினது காணும்."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. அத்தான், நீங்கள் ஏன் அக்காவிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை போதுமே. தம்பியைப் பற்றித் தமக்கை என்ன நினைப்பாள் என்று பார்த்தீர்களா? நீங்கள் மூடி வைத்த பிழையை நான் ஊருக்கு விற்றேன். என்னைக் காப்பாற்றியதைத் தண்டனையாகச் செய்தீர்களா என்றுகூட யோசித்தேன். உங்களுக்கு அவ்வளவு கெட்டித்தனம் இருக்கவில்லை என்பதுதான் என் கஷ்டம்.

நாலாம் நாள் அக்கா வாய் திறந்தார்.

"இதைக் குசினியிலை எனக்குச் சொன்னால் தீர்ந்துதோ? சிரிச்சது நானில்லை. வெள்ளவத்தை."

"இப்ப வெள்ளவத்தையிலை ஆர் இருக்கினம் அக்கா? எல்லாரும் ஊருக்குப் போட்டினம்."

"பேப்பர் ஊருக்கும் போகுதுதானே?"

அதனால்தான் இந்தக் கடிதம், இந்த இடத்தில். ஆகவே வாசகர்களே, கேளுங்கள்: பாதையை வளைத்த பேராசை என்னுடையது. கித்துள் மரத்தோடு நின்ற மனிதரைப் பார்த்து நீங்கள் என் சொல்லை நம்பிச் சிரித்தீர்கள். உங்களில் நாலு பேர் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்த வருடம் உங்களுக்குக் கோட்டை ஸ்டேசனில் நிற்க வேண்டி வந்திருக்காது. இப்போதாவது யாராவது வருவதென்றால், முதல் வேலையாக வேலி போடாதேயுங்கோ. அத்தான் சொல்லச் சொன்னது இவ்வளவுதான். மூன்று வருடம் பிந்திச் சொல்கிறேன்.

கிடுகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அத்தான். வாங்கியதை வீணாக்க அக்காவுக்கு மனமில்லை. பாதியைக் கொண்டு கோழிக்கூட்டுக்குக் கூரை போடச் சொன்னார். போட்டேன். கோழிகள் இரண்டு நாள் உள்ளே போக மறுத்தன, நல்ல விமர்சகர்கள். மீதிப் பாதி வேலிக்கு. பொட்டை அடைப்பதற்கல்ல.

"பொட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றார் அக்கா. "வேலியையே கித்துளுக்கு எடுப்பம். அவர் எங்கை கட்டினவரோ அங்கை."

இதைப் பொடிசிங்கோவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "வியாழக்கிழமை எங்கள் வயலில் அத்தம்," என்றார். "மாத்தயாவுக்கு வரம்பு கட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"என்ன தெரியும்?"

"எழுதத் தெரியும்."

கொஞ்சம் யோசித்தார். "சேறு சுமக்கலாம்," என்றார்.

வியாழக்கிழமைக்குக் கந்தோரில் லீவு கேட்டிருக்கிறேன். உங்களுக்குப் பதில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் இடத்தில் நிற்கிற ஆளல்ல நான். உங்கள் பக்கத்து வரம்பில் நிற்கிறேன். குடை வீட்டில் இருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழை பிடிப்பதற்கு முன்னம், கயிறு பிடிக்கப் போகிறோம். முடிச்சுப் போடுவது அக்கா. மறுமுனை என் கையில். பொடிசிங்கோ ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். பேத்தியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். கித்துள் மரத்திலிருந்து ஒரு விரற்கடையும் இழுக்க மாட்டேன், அத்தான்.

கயிற்றை இழுத்த கையால் இதை எழுதும்,
உங்கள் மைத்துனன்
சபாநாதன்